களவெடுக்காத மனிதர்

கியூ சம்பானைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இரண்டாவது 2018இல் என் சொந்தப் பெயரில் வந்தது. பலர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். முதலாவது 1978இல் யாழ்ப்பாணத்துச் சிறு சஞ்சிகை ஒன்றில் புனைபெயரில் வந்தது. அதை எழுதியவன் நான்தான் என்று அண்மைக்காலம் வரை எவருக்கும் சொல்லவில்லை. சஞ்சிகையை நடத்தியவர்கள் காலமாகிவிட்டார்கள். நான் வாய் திறக்காவிட்டால் இது என்னோடு போய்விடும். இவ்வளவு காலமும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

இன்றைய இளம் வாசகர் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. 1976 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கம்பூச்சியாவின், அதாவது கம்போடியாவின், அரச தலைவராக இருந்தவர் கியூ சம்பான். பொல்பொட் பிரதமர், இவர் நாட்டின் தலைவர். 1975 ஏப்ரலில் தொடங்கிய அந்த ஆட்சி நான்கு வருடம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் ஓயாத வேலையாலும் அடிபட்டும் வெட்டுப்பட்டும் மாண்டார்கள். நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது எண்பது இலட்சம் அளவில்தான் இருந்தது.

என்னுடைய முதல் கட்டுரையில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய சங்கடம். பொய் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

அதில் எழுதியிருந்தவை இவை. 1931இல் ஸ்வாய் ரியெங் மாகாணத்தில் பிறந்தவர். தகப்பன் பிரெஞ்சுக்காரர் காலத்து நீதவான். மகன் சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் இலஞ்சக் குற்றத்தில் அகப்பட்டு மறியலுக்குப் போனார். தாய் கம்போங் சாமில் மரக்கறியும் பழமும் விற்றுப் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பிள்ளை தலைநகரின் சிறந்த பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்து, பாரிசுக்குப் போய், 1959இல் பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றது. ஆய்வு கம்போடியாவின் பொருளாதாரமும் கைத்தொழில் வளர்ச்சியும் பற்றியது. உலகச் சந்தையோடு கட்டிப்போடப்பட்ட ஏழை நாடு சொந்தக் கைத்தொழிலை இழந்துவிடும் என்பதுதான் அதன் சாரம். பிற்காலத்தில் நடந்ததற்கெல்லாம் அந்த ஆய்வுதான் வரைபடம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. பட்டினத்தைக் காலி செய், காசை ஒழி என்றெல்லாம் அதில் இல்லை. எந்த மூன்றாம் உலக நாட்டின் சாந்தமான பொருளியல் விரிவுரையாளரும் எழுதியிருக்கக்கூடியது அது.

நாடு திரும்பிப் பிரெஞ்சில் ‘லொப்சேர்வாத்தர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1960இல் ஒருநாள் பட்டப்பகலில், நொம் பென் தெருவில், பொலிஸ்காரர் அவரை அடித்து, உடுப்பைக் களைந்து, நிர்வாணமாகப் படம் பிடித்தார்கள். சில வாரங்களில் பத்திரிகையையும் மூடி, ஆளையும் அடைத்தார்கள். இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது ஞாபகம். முன்னாள் அரசனும் அப்போதைய நாட்டுத் தலைவருமான இளவரசர் சிஹானூக்கின் ஆட்சி செய்த அந்த அவமானத்துக்குப் பிறகும் அவர் அதே சிஹானூக்கின் கீழ் 1962இல் பாராளுமன்றத்துக்குப் போனார். வணிகத்துறைக்குப் பொறுப்பான அரச செயலாளர் ஆனார். ஏற்றுமதி இறக்குமதி அனுமதிப்பத்திரங்கள் கைக்குக் கை மாறும் அந்த அமைச்சில், ஒரு ரியல்கூட வாங்காதவர் என்று பெயர் எடுத்தார். மற்றவர்கள் மாளிகை கட்டும்போது இவர் தாயோடு சின்ன வீட்டில் இருந்தார். அடுத்த வருடமே பதவி போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. நொம் பென் மாணவர்கள் அவரைத் தூய்மையின் அடையாளமாகவே பார்த்தார்கள்.

எங்கள் நாட்டு மந்திரிமாரைப் பார்த்து வெறுத்துப்போயிருந்த இருபத்தைந்து வயதுப் பெடியனுக்கு வேறென்ன வேண்டும்? நான் கொழும்பில் அரசாங்கத் திணைக்களமொன்றில் லிகிதராக இருந்தேன். பீக்கிங் வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டுவிட்டு, வெள்ளவத்தை அறையொன்றில் கூடிக் கதைக்கும் ஒரு வட்டம் எங்களுக்கு இருந்தது. அங்கே ஒரு தலைவரைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, அவர் எப்படி வாழ்கிறார் என்பது. என்ன செய்கிறார் என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட வந்ததில்லை.

1976 ஓகஸ்டில் அவர் கொழும்புக்கே வந்தார். அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமை. இந்திரா காந்தி, டிட்டோ, கடாபி என்று பெரிய தலைகள். தெருவெல்லாம் வெள்ளையடித்து, பிச்சைக்காரரை எங்கோ கொண்டுபோய் விட்டு, நகரமே கலியாண வீடு மாதிரி இருந்தது. நான் அவரை நேரில் காணவில்லை. பத்திரிகைப் படத்தில்தான் கண்டேன். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மெலிந்த முகம், கூச்சமான சிரிப்பு. படத்தை வெட்டி வைத்திருந்தேன்.

கம்போடியா என்றால் அணிசேரா இயக்கத்தில் அதுவரை சிஹானூக்தான். ஆரம்ப காலத்திலிருந்தே முழங்கி வந்தவர். அவர் ஏன் வரவில்லை என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார். இளவரசர்கள் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் சிஹானூக் தன்னுடைய அரண்மனையிலேயே காவலில் இருந்தார். அவருடைய பிள்ளைகளில் ஐந்து பேரும் பேரப்பிள்ளைகளில் பதினான்கு பேரும் அந்த ஆட்சியில் இல்லாமற் போனார்கள். அவரிடமிருந்து அரச தலைவர் பதவியை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவர்தான் என் வெட்டி வைத்த படத்திலிருந்த மனிதர்.

அடுத்த வருடம் ஓகஸ்டில் எங்களுக்கே அடி விழுந்தது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் அகதி முகாமில் இருந்து, கப்பலில் ஊருக்கு வந்தேன். முகாமில் கண்டவற்றை ஊரில் சொன்னேன், எழுதினேன். தெற்கில் சில பத்திரிகைகள் எல்லாம் மிகைப்படுத்தல் என்று எழுதியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அகதி ஏன் பொய் சொல்லப் போகிறான், உயிரைத் தவிர அவனிடம் என்ன இருக்கிறது என்று கூட்டமொன்றில் பேசிக் கைதட்டல் வாங்கினேன்.

அதே வருடம் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ கம்போடியாவைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. தாய்லாந்து எல்லைக்கு ஓடி வந்த அகதிகள் சொன்னவை. பட்டினங்கள் காலி, கண்ணாடி போட்டவனும் படித்தவனும் காணாமற் போகிறார்கள், கைக்குழந்தைகள் சாகின்றன. பிரெஞ்சுப் பாதிரியார் பொன்சோ அகதிகளின் வாயிலிருந்து கேட்டுத் தொகுத்த புத்தகமும் அந்த வருடம் வந்தது. அதைப் பற்றிப் பின்னர்தான் வாசித்தேன். டைஜஸ்டை ஊருக்கு வந்த கையோடு வாசித்துவிட்டேன். வாசித்துவிட்டு, சி.ஐ.ஏ. காரன் எழுதியது என்று தூக்கி வைத்தேன். அகதி முகாமிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவன்.

இதை நான் எனக்கே விளக்கிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா அந்த நாட்டில் கொட்டிய குண்டுகள் உண்மை. 1975இல் நொம் பென்னில் இருபது இலட்சம் பேர் நெருக்குண்டதும், அமெரிக்க விமானம் கொண்டுவந்து இறக்கிய அரிசியில் அவர்கள் உயிர் பிழைத்ததும் உண்மை. விமானம் நின்றால் பட்டினிதான், ஆகவே சனத்தை வயலுக்குக் கொண்டுபோனது சரி என்று 1978 கட்டுரையில் ஒரு பந்தி எழுதினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர்களையும் தள்ளிக்கொண்டு போனார்களே, அது எந்த அரிசிக் கணக்கில் வரும் என்று நான் கேட்கவில்லை. கேள்வி எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. எழுதினால் கட்டுரை கெட்டுவிடும்.

கட்டுரையின் உச்சம் ‘மூன்று ஆவிகள்’ கதை. 1967இல் சம்லாவுட்டில் விவசாயிகள் கிளர்ந்தெழ, சிஹானூக் இடதுசாரிகள்மீது பாய்ந்தார். ஏப்ரலில் கியூ சம்பானும் சக இடதுசாரி ஹோ யுவோனும் ஒரே நாளில் மறைந்தார்கள். சில மாதங்களில் இன்னொரு இடதுசாரியான ஹூ நிம்மும் மறைந்தார். மூவரையும் அரசன் கொன்றுவிட்டான் என்று ஊரெல்லாம் நம்பியது. ஒருவரை அசிட்டில் போட்டார்கள், ஒருவரை புல்டோசரால் நசித்தார்கள் என்றெல்லாம் கதை. 1970இல் ஜெனரல் லொன் நொல் சிஹானூக்கைக் கவிழ்த்தபோது, மூவரின் பெயரிலும் காட்டிலிருந்து அறிக்கை வந்தது. செத்தவர்கள் பேசுகிறார்களா என்று அமெரிக்கர்களே குழம்பினார்கள். மூவரும் உயிரோடுதான் இருந்தார்கள். நேர்மையான மூன்று மனிதரை எந்த அரசனாலும் கொல்ல முடியாது என்று பந்தியை முடித்திருந்தேன்.

நான் அதை அச்சில் பார்த்தபோது அந்த மூவரில் இருவர் இல்லை. ஹோ யுவோன் 1975இலேயே காணாமற் போய்விட்டார். கட்சியின் தீவிரத்தை எதிர்த்துக் கதைத்தவர் என்கிறார்கள். ஹூ நிம் அந்த அரசின் தகவல் மந்திரி. 1977 ஏப்ரலில் கைதானார். பள்ளிக்கூடமாக இருந்து சிறையான துவோல் ஸ்லெங்கில், சித்திரவதைக்குள், தான் சி.ஐ.ஏ. ஆள் என்று பக்கம் பக்கமாக வாக்குமூலம் எழுதினார். ஜூலையில் கொன்றார்கள். அரசனால் கொல்ல முடியாதவரைத் தோழர்கள் கொன்றார்கள். மூன்றாவது ஆவி அரச தலைவராகக் கதிரையில் இருந்தது. ஒரு சொல் சொல்லவில்லை.

ஹூ நிம்மின் முடிவை நான் 1980களின் நடுப்பகுதியில் அறிந்தேன். அன்றைக்காவது எழுதியிருக்க வேண்டும். சஞ்சிகை நின்றுபோயிருந்தது என்பது ஒரு சாட்டு. வேறு பத்திரிகைகள் இருந்தன, எனக்கு இடமும் தந்தார்கள். நான் மலையாளச் சினிமாவைப் பற்றியும் கிராமிய நாடகம் பற்றியும் எழுதினேன்.

நான் பேசாமல் இருந்த அந்த வருடங்களில் அவர் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். 1979 ஜனவரியில் வியட்நாம் படை நொம் பென்னைப் பிடித்த பிறகும், சீனாவும் அமெரிக்காவும் அயல் நாடுகளும் ஆதரித்ததால் ஐ.நா. ஆசனம் வீழ்ந்த அந்த ஆட்சியிடமே இருந்தது. அந்த வருடம் ஹவானாவில் கூடிய அணிசேரா மாநாடு மட்டும் கம்பூச்சியாவின் கதிரையை வெறுமையாக விட்டது. 1982இல் கோலாலம்பூரில் ஒரு கூட்டு அரசாங்கம் அமைந்தது. சிஹானூக் தலைவர், கியூ சம்பான் வெளிவிவகாரத்துக்குப் பொறுப்பான உப தலைவர். பிள்ளைகளைப் பறிகொடுத்தவரும் அந்த ஆட்சியின் தலைவராக இருந்தவரும் ஒரே மேசையில். அரசியலில் எனக்கு இன்றும் சீரணிக்காத காட்சிகளில் அது ஒன்று. 1991 ஒக்டோபரில் பாரிஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அடுத்த மாதம் நொம் பென்னுக்குத் திரும்பினார். சனம் வீட்டுக்குள் புகுந்து அடித்தது. தலையில் இரத்தம் வடிய, உயிர் தப்பி அன்றைக்கே விமானம் ஏறினார். அந்தப் படத்தையும் பத்திரிகையில் பார்த்தேன். அதை நான் வெட்டி வைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதற்கும் கம்போடியாவுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வேறொரு நாட்டுக் கதையாகிவிடும்.

1990 ஒக்டோபர் 30. நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். முஸ்லிம் சனங்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து மைதானத்துக்கு வரச்சொல்லி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்றார்கள். எனக்கு வழமையாகச் சைக்கிள் திருத்தித் தருகிற மனிதர் பிள்ளைகளோடும் ஒரு பையோடும் நடந்து போனதை என் கண்ணால் கண்டேன். நொம் பென்னில் மூன்று நாளில் திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் சனத்தைத் தெருவில் இறக்கினார்கள் என்பதை அந்த நேரம் ஊரில் என்னளவுக்கு அறிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்த நண்பர், “இது என்ன அநியாயம், ஆராவது வாய் திறக்க வேண்டாமா” என்று கேட்டார். நான் சொன்ன பதிலை அவர் இப்போது உயிரோடு இருந்தால் ஞாபகம் வைத்திருப்பார். “பெடியள் குடிக்கிறேல்ல, புகைக்கிறேல்ல, ஒரு சதம் களவெடுக்கிறேல்ல. காரணம் இல்லாமல் செய்ய மாட்டாங்கள்” என்றேன். பயத்தில் சொன்னேன் என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பயம் இருந்ததுதான். ஆனால் அந்த வசனத்தை நான் நம்பியே சொன்னேன்.

2018 நவம்பரில் நொம் பென்னில் கியூ சம்பான்மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. வியட்நாமியருக்கு எதிரான இனப்படுகொலைக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் ஆயுள் தண்டனை. பட்டினத்தைக் காலி செய்ததற்காக 2014இல் விதித்த ஆயுள் தண்டனை ஏற்கெனவே இருந்தது. சாம் முஸ்லிம்கள்மீதான இனப்படுகொலைக் குற்றம் அந்த ஆட்சியில் பொல்பொட்டுக்கு அடுத்தவரான நுவோன் சியாமீது நிரூபணமாகியது, இவர்மீது ஆகவில்லை. சான்று போதாத இடத்தில் நீதிபதிகள் போதாது என்றே சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்க, இரண்டாவது கட்டுரையை எழுதினேன்.

அந்தக் கட்டுரையில்தான் உண்மையான களவு இருக்கிறது. “அந்தக் காலத்தில் நம்மவர் சிலர்கூட இந்த ஆட்சியின் புகழைப் பாடினார்கள்” என்று ஒரு வசனம் போட்டேன். “சிலர்.” அதை எழுதும்போது விரல் தயங்கவேயில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பல்கலைக்கழகப் பெடியன் வீட்டுக்கு வந்தான். “ஐயா, அந்த நேரம் நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?” என்று கேட்டான். “அப்ப எங்களுக்குத் தகவல் ஒண்டும் வரேல்ல தம்பி” என்றேன். அவன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனான்.

தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் கியூ சம்பானின் வாதமும். 1998 டிசெம்பரில் பிரதமர் ஹூன் சென்னிடம் சரணடைந்தபோது, செய்தியாளர்கள் முன் வருத்தம் தெரிவித்துவிட்டு, பழையதை மறப்போம் என்றார். அரசாங்கம் அவரையும் நுவோன் சியாவையும் கடற்கரைக்கும் அங்கோர் வாட்டுக்கும் சுற்றுலா கூட்டிப்போனது. துவோல் ஸ்லெங் அரசாங்கச் சிறைதான் என்பது இயக்குநர் ரித்தி பானின் ஆவணப்படத்தைப் பார்த்த பிறகே தனக்கு விளங்கியது என்று பின்னர் சொன்னார். அவர் இருந்த நகரத்திலேயே, காலியான தெருக்களுக்கு நடுவே, பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்ட சிறை அது. 1976 முதல் மத்திய குழு உறுப்பினர். நிலைக்குழுக் கூட்டங்களில் இருந்தவர். தான் வெறும் பெயரளவுத் தலைவர் என்று நீதிமன்றத்தில் வாதாடினார். நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை.

அவரை இரண்டாவது கட்டுரையில் கேலி செய்திருந்தேன், ஒரு படம் பார்த்துத்தானா தெரிந்தது என்று. டைஜஸ்டை வாசித்துவிட்டுத் தூக்கி வைத்தவன்.

கன்னர் பெர்க்ஸ்ட்ரோம் என்று ஒரு சுவீடன்காரர் இருக்கிறார். நட்புறவுக் குழுவோடு 1978 ஓகஸ்டில் கம்பூச்சியாவுக்குப் போய், பொல்பொட்டோடு விருந்து சாப்பிட்டு, திரும்பி வந்து புகழ்ந்தவர். நான் கட்டுரை எழுதிய அதே வருடம். 2008இல் அவர் மீண்டும் நொம் பென் போனார். தான் எடுத்த படங்களையே அங்கே கண்காட்சியாக வைத்து, உயிர் தப்பியவர்களின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அவரைப் பற்றி 2018 கட்டுரைக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். கடைசிப் பிரதியில் வெட்டிவிட்டேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய சஞ்சிகைகளை மின்வருடி இணையத்தில் போடும் பிள்ளைகளுக்கு அந்த இதழும் கிடைத்திருக்கிறது. புனைபெயர்களுக்கு உரியவர்களைக் கேட்டு அவர்கள் அனுப்பிய பட்டியலில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் நிரப்பி, அந்த ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தேன். இப்போது அதையும் எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பெடியனையும் தேடிக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஆய்வைச் சமர்ப்பித்து இரண்டு வருடமாகிவிட்டதாம். “பரவாயில்லை ஐயா” என்றான். பரவாயில்லை என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

2022 செப்டெம்பரில் மேன்முறையீடும் தள்ளுபடியானது. 91 வயதில், முகக்கவசத்தோடு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்து கேட்டார். அதன்பின் நீதிமன்றத்தின் இணையத் தளத்துக்குப் போய் 2018 தீர்ப்பை எடுத்தேன். 2,000 பக்கங்களுக்கு மேல். முழுவதையும் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் தேடியது ஒன்றைத்தான். எங்கேயாவது ஒரு வங்கிக் கணக்கு, ஒரு மாணிக்கக்கல் பேரம், தாய்லாந்தில் யார் பெயரிலோ ஒரு வீடு, அவர் ஒருநாளாவது ஒருவரிடமாவது காசு வாங்கினார் என்று ஒரு வரி. அகப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அகப்படவில்லை.